மலையை விட்டு இறங்காத பறவை

வரலாறு என்று சொன்னவுடனே நம் மனம் மன்னர்களையும் போர்க்களங்களையும் நாடிச் செல்கிறது. பள்ளிப் புத்தகங்கள் நம்மை அவ்வாறு பழக்கிவிட்டன. ஆனால், கைக்குள் அடங்கக்கூடிய ஒரு பறவைக்கும் வரலாறு உண்டு. அதனைச் சொல்லப் புகுந்தால், ஒரு மலை எப்படி விலைக்குப் போனது, காடு எவ்வாறு அழிந்தது, எந்த நாட்டு மக்கள் எந்த வழியாக நடந்து சென்றார்கள் என்பனவெல்லாம் அதற்குள் வந்து சேர்கின்றன. அத்தகைய ஒரு பறவையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். இலங்கைத் தீவின் நடுவிலுள்ள மலைநாட்டில் அது வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அது இல்லை.

ஸ்ரீமுஷ்ணத்திலும் காட்டுமன்னார்கோயிலிலும் சிதம்பரத்திலும் இருந்து இதைக் கேட்கும் மாணவர்களுக்கு, இலங்கை மலையிலுள்ள ஒரு குருவிக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். நம்முடையது வெள்ளாறு பாயும் சமவெளி. இங்கே உயர்ந்த இடம் என்று காட்ட ஏரிக்கரையும் கோபுரமுமே உண்டு. வீராணத்து ஏரியில் நாரையையும் நீர்க்காகத்தையும் கண்டு பழகிய கண்களுக்கு மலைப்பறவை புதியதுதான். ஆயினும், ஆண்டுதோறும் நம்மையும் அந்தத் தீவையும் இணைத்துச் செல்லும் பறவைகள் சில உண்டு. ஆறுமணிக் குருவி அவற்றுள் ஒன்று. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் அது தெற்கு நோக்கிப் புறப்படுகிறது. நம் கிழக்குக் கரையோரத் தோப்புகளில் இறங்கி இளைப்பாறுகிறது. அவற்றுள் பல, பாக்கு நீரிணையைத் தாண்டி இலங்கை சென்று குளிர்காலத்தைக் கழிக்கின்றன. கடலும் அதற்குத் தடையன்று. சமவெளியும் அதற்குத் தடையன்று.

நான் சொல்லவரும் பறவையோ இதற்கு நேர்மாறானது. கடலைத் தாண்டுவது ஒருபுறம் இருக்கட்டும், தான் வாழும் மலையின் அடிவாரத்துக்குக்கூட அது இறங்குவதில்லை. ஏறத்தாழ 3,000 அடி உயரத்துக்குக் கீழே அதனைக் காண்பது அரிது. பெரும்பாலும் 4,000 அடிக்கு மேற்பட்ட ஈரக்காடுகளில், அதுவும் நீரோடும் ஓடைகளின் ஓரத்தில்தான் அதன் வாழ்க்கை.

இதனை இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி என்று நாம் அழைக்கலாம். நீளம் 20 சென்டிமீட்டர் அளவு. மைனாவைவிடச் சற்றுச் சிறியது. ஆண் பறவை கருமையாகத் தோன்றும். ஒளி படும்போது முகத்திலும் மார்பிலும் நீலச்சாயல் தெரியும். தோளில் மட்டும் பளிச்சென்ற ஒரு நீலத் திட்டு உண்டு. பெண் பறவையின் நிறம் பழுப்பு. அதன் தோளிலும் சிறிதளவு நீலம் இருக்கிறது. காட்டின் நிழலில் நிற்கையில் இந்த நீலம் கண்ணுக்குப் படுவதில்லை. ஓடைக்கரைப் பாறையில் ஏதோ ஒரு நிழல் அசைந்தது போலிருக்கும். உற்றுப் பார்ப்பதற்குள் மறைந்துவிடும். விடியலுக்குச் சற்று முன்னும், பொழுது சாய்ந்த பின்னுமே அது மிகுதியாக நடமாடுகிறது. பூச்சி, நத்தை, சிறு தவளை, பல்லி ஆகியவை அதன் உணவு. அருவியின் சாரல் படும் பாறை விளிம்பிலோ, ஓடைக்கு மேலே தாழ்ந்த மரக்கவட்டிலோ பாசியால் கிண்ணம் போன்ற கூடு கட்டி, ஒன்றோ இரண்டோ முட்டை இடும்.

அதன் பெயரிலுள்ள சீழ்க்கை என்னும் சொல்லை வைத்துப் பெரிய சங்கீதத்தை எதிர்பார்க்க வேண்டாம். அது எழுப்பும் ஓசை, ஊசிபோல் கூர்மையாகவும் நீண்டும் ஒலிக்கும் ஒற்றைச் சீழ்க்கை. நீரின் இரைச்சலை ஊடுருவிக்கொண்டு கேட்கவேண்டும் என்பதற்கே அந்தக் கூர்மை அமைந்தது போலும். மென்மையான ஒரு பாட்டும் அதற்கு உண்டு. அதைக் கேட்டவர் சிலரே. நல்ல பாடகனைத் தேடுவோர், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள இதன் நெருங்கிய உறவினனிடம் போகவேண்டும். சீகாரப் பூங்குருவி எனப்படும் அப்பறவை விடியற்காலையில் பாடுவதைக் கேட்டால், ஒரு பள்ளிச் சிறுவன் கவலையின்றிச் சீட்டியடித்துக்கொண்டு போகிறான் என்றே எண்ணத் தோன்றும். ஆங்கிலேயர் அதற்குச் சீட்டியடிக்கும் பள்ளிச் சிறுவன் என்றே செல்லப்பெயர் வைத்தனர்.

இரண்டும் ஓரினத்தைச் சேர்ந்தவை. அப்படியானால் ஒன்று நம் மலையிலும் மற்றொன்று இலங்கை மலையிலும் வேறுவேறாகப் பிரிந்து நிற்பது ஏன்? கடல் பிரித்துவிட்டது என்பதே உடனே தோன்றும் விடை. அது முழு விடை அன்று. மாசி மகத்தன்று பூவராகப் பெருமாள் கடலாடச் செல்லும் கிள்ளையிலிருந்து கரையோரமாகத் தெற்கே போனால், கோடியக்கரைக்கு அப்பால் பாக்கு நீரிணை வருகிறது. அது ஆழங்குறைந்த கடல். உலகில் பனி மிகுந்திருந்த ஊழிகளில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அக்காலங்களில் இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலமாக இருந்தன. யானை நடந்தே போயிருக்கலாம். அவ்வாறு நிலம் ஒட்டிக் கிடந்த காலத்திலும், ஈரமலைகளில் வாழும் பல உயிர்கள் இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரவில்லை என்று உயிரியல் ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. காரணம், இரு மலைகளுக்கும் நடுவே கிடந்த நிலம் வெப்பமும் வறட்சியும் மிகுந்த சமவெளி. குளிர்ந்த ஓடையையும் பாசி படர்ந்த நிழலையும் நம்பி வாழும் உயிருக்கு, அந்த வெயில்நிலமே பெருங்கடல். ஆக, இப்பறவையைத் தீவில் அடைத்து வைத்தது உப்புநீர் மட்டும் அன்று. நாம் உழுது வாழ்கிறோமே, இதுபோன்ற வெயில்நிலமும்தான். தீவுக்குள்ளே மலை இன்னொரு தீவாக நின்றது. அங்கே அது நெடுங்காலம் தனித்து வாழ்ந்து தனி வகையாயிற்று.

பறவைக்குச் சுவராக நின்ற அதே சமவெளியும் அதே நீரிணையும் மனிதருக்கு வழியாக அமைந்தன என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வழியைப் பற்றிப் பின்னால் சொல்லவேண்டியிருக்கிறது.

அறிஞர் உலகம் இப்பறவையை அறிந்தது மிகவும் தாமதமாகவே. இலங்கையிலே பிறந்தவரும் இராணுவ மருத்துவருமான கெலார்ட் என்பவர் நுவரெலியா மலையில் தங்கி உயிரினங்களை ஆராய்ந்தார். 1852-இல் இலங்கை உயிரினங்களைப் பற்றி நூல் வெளியிட்டார். மலைநாட்டுப் பறவைகள் சில அவரால்தான் உலகுக்குத் தெரிந்தன. சீழ்க்கைப் பூங்குருவியோ அவர் கண்ணில் படவில்லை. அவர் காலத்திலேயே எட்கர் லேயார்ட் என்னும் ஆங்கிலேயர் இலங்கையில் அரசாங்கப் பதவியில் இருந்துகொண்டு, தீவெங்கும் பறவைகளைத் திரட்டினார். அவருக்கும் அது அகப்படவில்லை.

லேயார்டைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. அவரிடம் முத்து என்ற பெயருடைய ஏவலாளர் ஒருவர் இருந்தார். எசமானர் எழுதுமேசையில் இருக்க, காட்டில் பொறுமையோடு அலைந்து பறவைகளைக் கொண்டுவந்து சேர்த்தவர் இவர். லேயார்ட் இதனை மறைக்கவில்லை. முத்து கொண்டுவந்த ஓர் ஈப்பிடிப்பான் புதுவகை என்று கண்டபோது, 1854-இல் அதன் அறிவியற் பெயரில் அந்த ஏவலாளரின் பெயரையே வைத்தார். இன்றும் உலகெங்கும் பறவை நூல்களில் அந்தச் சிறு பழுப்புக் குருவியின் பெயரில் முத்து இருக்கிறார். ஆளுநர்கள், தளபதிகள், தோட்டத் துரைமார்கள் ஆகியோரின் பெயர்களே நிறைந்து கிடக்கும் அப்பட்டியலில் இது அபூர்வமான ஒரு காட்சி.

சீழ்க்கைப் பூங்குருவிக்குப் பெயர் சூட்டியவர் ஹோல்ட்ஸ்வொர்த். இவர் மலையை ஆராய வந்தவரே அல்லர். கடல்வாழ் உயிர்களை அறிந்தவர். மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி குறைந்துபோயிற்று என்று அரசாங்கம் கவலைப்பட்டபோது, சிப்பிப் படுகைகளை ஆராய்வதற்காக 1860-களில் அனுப்பப்பட்டவர். அரிப்பு முதலிய வறண்ட கடற்கரை ஊர்களில் சிப்பிகளை எண்ணிய நேரம் போக, மீந்த நேரத்தில் பறவைகளைக் குறித்து வைத்தார். 1872-இல் இலண்டன் விலங்கியல் சங்கத்தின் வெளியீட்டில் இலங்கைப் பறவைகளின் பட்டியலை அச்சிட்டபோது, இந்த மலைப்பறவையையும் புதுவகையாக அதில் விவரித்தார். அதனைக் கண்டெடுத்தவர் சாமுவேல் பிளை என்னும் காப்பித் தோட்டக்காரர். அவர் பெயரே பறவைக்கும் ஆயிற்று. பின்னர் 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளிவந்த லெக் என்பவரின் பெருநூலில் இப்பறவை விரிவான இடம் பெற்றது. லெக் பீரங்கிப் படை அதிகாரி. அவர் நூலுக்கு ஓவியம் தீட்டியவர் கியூலமன்ஸ் என்னும் டச்சுக்காரர். அந்த ஓவியங்களின் அழகு இன்னும் மங்கவில்லை.

காப்பித் தோட்டக்காரர் என்று சொன்னேன். வரலாறு இங்கேதான் சற்றுக் கசக்கத் தொடங்குகிறது. அப்பறவையைக் கண்டுபிடித்தவரின் தொழில், அதன் காடு இருந்த இடத்தில் காப்பி பயிரிடுவது. அவரைக் குறைகூறுவது என் நோக்கம் அன்று. பறவையைக் கண்டால் நின்று பார்க்கும் கண் அவருக்கு இருந்தது. அந்தக் கண் இல்லாத தோட்டக்காரர்களே மிகுதி. ஆயினும், காப்பி மலையேறியிராவிட்டால் பிளையும் அம்மலைக்கு வந்திருக்கமாட்டார். காட்டை ஊடறுத்து வழி உண்டான பிறகே காட்டின் உட்புறத்துப் பறவை வெளிச்சத்துக்கு வந்தது.

காப்பி மலையேறிய கதை 1820-களில் தொடங்குகிறது. கண்டி இராச்சியம் 1815-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், கம்பளை, பேராதனைப் பகுதிகளில் முதல் தோட்டங்கள் எழுந்தன. 1840-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, உரிமைப் பத்திரம் காட்டமுடியாத காடும் தரிசும் அரசுக்கே சொந்தம் என்று விதித்தது. அத்தகைய நிலம் ஏக்கர் 5 ஷில்லிங் என்ற விலைக்குக்கூடப் போயிற்று. வாங்கியவர்களில் அரசாங்கத்தின் உயர்ந்த அதிகாரிகளும் உண்டு. சட்டம் செய்தவரும் நிலம் வாங்கியவரும் ஒரே கூட்டத்தார் என்று சொன்னால் மிகையாகாது. 1870-களில் காப்பி விளைந்த பரப்பு 2,75,000 ஏக்கரை எட்டியது. இது அத்தனையும் வெறும் புல்வெளி அன்று. பெரும்பகுதி மரம் அடர்ந்த மலைச்சரிவு.

அம்மரங்களை வீழ்த்திய முறையை நேரில் கண்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதி வெட்டி நிறுத்திவிடுவார்கள். எல்லாம் முடிந்தபின், உச்சியில் உள்ள பெருமரங்களை மட்டும் முழுதும் வெட்டிச் சாய்ப்பார்கள். அவை கீழ்வரிசையின்மேல் விழ, அவ்வரிசை அடுத்ததன்மேல் விழ, ஒரு மலைச்சரிவு முழுவதும் இடிமுழக்கம் போன்ற ஓசையோடு ஒரே நேரத்தில் சரிந்துவிடும். சில வாரங்கள் காயவிட்டுத் தீ வைப்பார்கள். சாம்பல் குளிர்ந்தபின் காப்பிக்குக் குழி வெட்டுவார்கள். ஓடைக்கு நிழல் தந்த மரம் போனால் ஓடையில் பாசி இல்லை, நத்தை இல்லை, தவளை இல்லை. அந்த ஓடையில் சீழ்க்கைப் பூங்குருவிக்கு என்ன வேலை?

கோடரி பிடித்தவர் யார்? காட்டை வீழ்த்துவதற்குத் தொடக்கத்தில் சிங்களக் கிராமத்தார் ஒப்பந்தக் கூலிக்கு வந்தனர். ஆனால், ஆண்டு முழுவதும் தோட்டத்திலே கிடந்து உழைக்க அவர்கள் உடன்படவில்லை. அவர்களுக்குத் தம் ஊரில் வயல் இருந்தது. குழி வெட்டவும், கன்று நடவும், களையெடுக்கவும், பழம் பறிக்கவும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வரவழைக்கப்பட்டார்கள். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை ஆகிய சீமைகளோடு நம் தென்னார்க்காடும் அவர்களின் பிறந்தகமாக இருந்தது. பஞ்சமும் கடனும் பின்னால் தள்ள, கங்காணியின் சொல் முன்னால் இழுக்க, அவர்கள் புறப்பட்டார்கள். கங்காணி அயலான் அல்லன். பெரும்பாலும் அதே ஊரான், உறவினன். முன்பணம் கொடுத்து அழைத்துச் செல்பவனும் அவனே, பின்பு அந்தக் கடனைக் காட்டிக் கட்டி வைப்பவனும் அவனே.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன வழி இதுதான். பறவை கடக்க முடியாத சமவெளியைக் கால்நடையாகக் கடந்து, இராமநாதபுரத்துக் கரைக்கு வந்தார்கள். தோணியில் ஏறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். ஹோல்ட்ஸ்வொர்த் முத்துச்சிப்பிகளை ஆராய்ந்த அதே கடற்கரைப் பகுதி. அங்கிருந்து மாத்தளை மலையடிவாரம்வரை ஏறத்தாழ 150 மைல், நீரற்ற முட்காட்டு ஒற்றையடிப் பாதை. காலராவும் அம்மையும் காய்ச்சலும் பசியும் அவர்களோடு கூடவே நடந்தன. வழியில் விழுந்தவர்களைப் புதைக்கவும் ஆளின்றிப் போன செய்திகளை அக்காலத்து ஆவணங்களில் படிக்கும்போது, நூலை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருக்கவேண்டியிருக்கிறது. உயிரோடு மலையேறியவர்கள் குளிரைக் கண்டார்கள். வெயிலில் பிறந்த உடம்பு அந்தக் குளிரை எப்படித் தாங்கிற்றோ! வரிசையாகக் கட்டிய லயங்களில் ஓர் அறைக்கு ஒரு குடும்பமாகவோ பல குடும்பங்களாகவோ அடைந்துகொண்டு, பொழுது விடியுமுன் பிரட்டுக்குப் போனார்கள். அவர்கள் லயத்தைவிட்டு வெளியே வந்த அந்த இருட்டு வேளையே, ஓடையோரம் சீழ்க்கைப் பூங்குருவி குரல் கொடுக்கும் வேளை. துரைமாரைவிட முன்னதாகவும் மிகுதியாகவும் அக்குரலைக் கேட்டவர்கள் அவர்களாகவே இருத்தல்வேண்டும்.

பறவைக்குப் பெயரிடுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1869-இல், மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் காப்பி இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறத் துரு போன்ற தூள் காணப்பட்டது. அது ஒரு பூஞ்சணம். பேராதனைத் தாவரத்தோட்டத்தின் தலைவர் துவைட்ஸ், இது சாதாரண நோய் அன்று என்று எச்சரித்தார். காப்பி விலை ஏறிக்கொண்டிருந்த காலம். எச்சரிக்கையைக் கேட்பவர் யார்? விளைச்சல் குறையக் குறைய, அதை ஈடுசெய்ய மேலும் காட்டை வெட்டி மேலும் காப்பியை நட்டார்கள். இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் காப்பி ஏறக்குறைய முற்றும் அழிந்தது. காப்பியோடு தோட்டக்காரர் பலரும் அழிந்தார்கள். கூலி பாக்கியைப் பெறாமலே தமிழர் பலர் வந்த வழியே திரும்பினார்கள்.

காப்பி அழிந்தது காட்டுக்கு நன்மையாயிற்று என்று எண்ணிவிடக்கூடாது. அடுத்து வந்தது தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867-இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டுத் தொடங்கினார். 1875-இல் தீவு முழுவதும் ஆயிரம் ஏக்கரை ஒட்டியே இருந்த தேயிலை, அந்நூற்றாண்டு முடிவதற்குள் மூன்று லட்சம் ஏக்கரைக் கடந்துவிட்டது. பெரும்பகுதி பழைய காப்பி நிலம். ஆனால் காப்பி ஏறாத உயரத்துக்கும் தேயிலை ஏறும். காப்பி பெரும்பாலும் 5,000 அடிக்குக் கீழே நின்றுகொண்டது. தேயிலைக்கு 6,000 அடியும் இனிக்கும், உயர்ந்த இடத்துக் கொழுந்துக்கு விலையும் உயர்வு. சீழ்க்கைப் பூங்குருவியின் நாட்டில் கீழ்ப்பாதியைக் காப்பி கொண்டது. மேற்பாதியைத் தேயிலை கேட்டது.

மேற்பாதி முழுதும் பறிபோகாமல் நின்றதற்கு ஒரு கடிதமும் காரணம். 1873-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கியூ தாவரத்தோட்டத் தலைவரான ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாமல் விடும்படி இலங்கை அரசாங்கத்துக்கு அறிவுரை கூறினார். அதற்கு முந்திய ஆண்டுதான் நம் பறவை அச்சேறியிருந்தது. ஆயினும் பறவையை நினைத்து அவர் அதைச் சொல்லவில்லை. மலைமுடியில் காடு போனால் ஆறுகளில் நீர் போகும் என்னும் கவலை அக்காலத்துத் தாவர அறிஞரிடம் வலுவாக இருந்தது. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு நீர் தருவது ஹோர்ட்டன் சமவெளியைச் சூழ்ந்த முடிகளே. அந்த எல்லைக்கோடு எங்கும் ஒரேசீராக மதிக்கப்படவில்லை. நுவரெலியாவைச் சுற்றி 6,000 அடி உயரத்திலும் தேயிலையைக் காணலாம். ஆனாலும் எஞ்சிய மலைமுடிக் காடுகளில் பெரும்பகுதி அக்கோட்டுக்கு மேலே இருப்பவை. நீருக்காகப் போட்ட வேலிக்குள் ஒரு பறவையும் தப்பிப் பிழைத்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலங்கையிலே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழும்பு அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த ஜி. எம். ஹென்றி 1955-இல் வெளியிட்ட கைந்நூல், மாணவரும் எடுத்துச் சென்று பறவையைக் கண்டறியும்படி எழுதப்பட்டது. சீழ்க்கைப் பூங்குருவியைப் பார்க்க விரும்புவோர் எந்த ஓடையில் எந்த நேரம் காத்திருக்கவேண்டும் என்பது அதன் பிறகே பலருக்கும் தெரியலாயிற்று. 1960-களில் ஹோர்ட்டன் சமவெளியின் புல்வெளிகளில் உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். 1969-இல் அது வனவிலங்குப் புகலிடமாகவும், 1988-இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. 2010-இல் ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைக்காடு ஆகிய மூன்றும் சேர்ந்து உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. சீழ்க்கைப் பூங்குருவி இம்மூன்று இடங்களிலும் உண்டு. வேலி வலுவானது உண்மை. ஆனால் 1970-களின் இறுதியிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக் காட்டில் மரங்கள் நின்ற நிலையிலேயே காய்ந்து சாகின்றன. காற்றில் வரும் மாசு, மண்ணின் நிலை, வறட்சி என்று அறிஞர் பலவாறு காரணம் கூறுகின்றனர். கோடரிக்கு எல்லை போடலாம். இதற்கு எங்கே எல்லை போடுவது?

பட்டிப்பொல இரயில் நிலையத்திலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறும் வழியோரத்தில், மரங்கள் கவிந்த ஒரு சிறு குளம் இருக்கிறது. பறவை பார்ப்போர் அதனை அரங்காக் குளம் என்கிறார்கள். விடியுமுன் அங்கே வந்து, பேச்சின்றிக் குளிரில் காத்திருப்பார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு சீழ்க்கை கேட்கும். இன்னும் அதிர்ஷ்டம் இருந்தால் குளத்தின் விளிம்பில் ஒரு கருநிழல் தத்தும். அரங்கா என்பது இப்பறவைக்கு முதலில் வைத்த அறிவியற் பெயரின் முற்பகுதி. அச்சொல்லோ இலங்கையது அன்று. ஜாவாத் தீவில் உள்ள இதன் உறவுப் பறவைக்கு அத்தீவினர் வழங்கிய பெயரிலிருந்து ஐரோப்பியர் எடுத்துக்கொண்டது. இன்று சிங்களத்தில் இப்பறவையை அரங்கயா என்கிறார்கள். ஜாவாவின் சொல் ஐரோப்பிய நூலில் ஏறி, இலங்கை மலைக்கு வந்து, மக்கள் மொழியில் இறங்கியிருக்கிறது. பெயரின் பிற்பகுதியில் தோட்டக்காரர் பிளை இருக்கிறார். குழி வெட்டியவர்களுக்கு அப்பெயரில் இடமில்லை. முத்துவுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு எல்லோர்க்கும் கிடைக்குமா?

அவர்களுக்கு அத்தீவிலேயே இடமில்லை என்று சொன்ன காலமும் வந்தது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லர் என்று ஆக்கிற்று. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று பங்கு போட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974-இல் மற்றோர் உடன்பாடு ஏற்பட்டது. குறித்த தொகை முழுதும் வரவில்லையாயினும், லட்சக்கணக்கானோர் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். பாட்டனார் போன வழியில் பேரர்கள் திரும்பினார்கள். பலருக்கு ஊர் தெரியவில்லை, உழவும் தெரியவில்லை. தெரிந்தது தேயிலை ஒன்றே.

அவர்களுக்கு வேலை தருவதற்காகத் தமிழ்நாட்டு அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. 1976-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் அக்கழகத்தின் தோட்டங்கள் எழுந்த நிலம் வனத்துறையுடையது. அங்கேயும் காட்டை நீக்கித்தான் தேயிலை நட்டார்கள். அங்கேயும் கொழுந்து பறித்தவை அதே கைகள்தாம். தோட்டங்களுக்கு நடுவே ஓடைகள் ஓடுகின்றன. விடியுமுன், வேலைக்கு ஆள் புறப்படும் நேரத்தில், ஓடைப் பாறைமேல் நின்று சீகாரப் பூங்குருவி நெடுநேரம் சீட்டியடிக்கிறது.